அப்பளத்துக்கு என்ன துதி?

மெல்பர்ன் விமான நிலையத்தில் நான் வாயைத் திறந்து சொன்ன முதல் வாக்கியமே பொய். புது நாட்டுக்குள் நுழைகிறவள் இப்படியா ஆரம்பிப்பாள் என்று கேட்காதீர்கள். முப்பது வருஷப் பழக்கம், நாக்கில் தானாக வந்துவிட்டது.

உணவுப் பொருள் இருக்கிறதா என்ற கேள்விக்கு, அட்டையில் 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டிருந்தேன். மறைத்தால் அபராதம் என்று தங்கை கலா போனில் பத்து தரம் பயமுறுத்தியிருந்தாள். கையுறை போட்ட ஓர் அதிகாரிப் பெண் என் பெட்டியைத் திறந்து பன்னிரண்டு அப்பளப் பாக்கெட்டுகளையும் மேசையில் அடுக்கினாள். ஒன்றைப் பிரித்து, ஒற்றை அப்பளத்தை எடுத்து, எக்ஸ்ரே பார்க்கிற டாக்டர்போல விளக்குக்கு நேராகப் பிடித்தாள்.

"இதில் என்னென்ன இருக்கிறது?"

"உளுந்து, சால்ட், சோடா. ஒன்லி" என்றேன்.

முகர்ந்து பார்த்தாள். உண்மையைச் சொல்லிக் காட்டியதற்கு நன்றி என்று ஒரு சிரிப்பும் கொடுத்து அனுப்பினாள். அந்த நன்றி கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. வெளியே வந்து குளிர்காற்று முகத்தில் அறைந்ததும் அதுவும் மறந்துபோயிற்று.

மதுரை ஜெய்ஹிந்துபுரத்தில் எங்களுக்கு அப்பளக் கம்பெனி. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மாவு இடிக்கிற மிஷின் ஒன்று, காயப்போட மொட்டை மாடி, தேய்க்கப் பதினோரு பெண்கள், என் வீட்டுக்காரர், நான். பெரிய மிஷின்காரர்கள் வந்த பிறகு கடைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். எங்கள் பெண்களுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்று ஆகிவிட்டது. அந்த நேரத்தில்தான் நவாஸ் கூப்பிட்டார். மட்டக்களப்புப் பக்கத்து முஸ்லிம், மெல்பர்னில் டண்டினொங்கில் மளிகை இறக்குமதி செய்கிறவர். யூதர்களின் கடை ஒன்று கையால் தேய்த்த அப்பளம் கேட்கிறது, அவர்கள் எல்லா ஊருக்கும் அனுப்புவார்கள், நேரில் வந்து பேசினால் முடிந்துவிடும் என்றார். அது முடிந்தால் பதினோரு பேருக்கும் வாரம் முழுக்க வேலை. கலா வீட்டில் தங்கிக்கொள்ளலாம். புறப்பட்டுவிட்டேன்.

யூதர்களின் உணவு விதிப்படி இருக்கிறது என்பதற்குக் கோஷர் என்று ஒரு சான்று வேண்டும். அதற்கு ஓர் ஆள் முன்னாலேயே எங்கள் கம்பெனிக்கு வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். உங்களிடம் சொல்வதற்கென்ன, எங்கள் அப்பளத்தில் மைதா உண்டு. உளுந்து விலை தாறுமாறாக ஏறிய ஒரு வருஷம் கொஞ்சமாகச் சேர்த்தோம். விலை இறங்கிய பிறகும் நிறுத்தவில்லை. பாக்கெட்டில் மட்டும் 'சுத்த உளுந்து' அப்படியே நின்றுகொண்டிருக்கிறது. அந்த ஆள் வந்த நாளில் மைதா மூட்டையைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்டோம். சோதனைக்கு ஆள் வந்தால் எல்லாரும் செய்வதுதானே என்று அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

கலா வீடு வெரிபீயில். புதுசாக முளைத்த தெருக்கள், எல்லாம் ஒரே அச்சு. சாயங்காலம் காற்றாட நடந்துவிட்டு வந்தவள், பக்கத்துத் தெருவில் இதே மாதிரி வீட்டின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். சோபாவில் ஒரு பஞ்சாபித் தாத்தா டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் பதறவில்லை. "எத்தனாம் நம்பர்?" என்று இந்தியில் கேட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்து விட்டுப் போனார்.

"மொத நாளே மானத்த வாங்கிட்டியேக்கா" என்று கலா தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ரயிலேறினேன். பாதி வழியில் ரயில் நின்றுவிட்டது. தண்டவாளத்தில் வேலை, இதற்கு மேல் பஸ் என்று ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் கையைக் காட்டினார்கள். நம் ஊராக இருந்தால் இந்நேரம் பத்துப் பேர் அவர்களைப் பிடித்துக் கத்தியிருப்பார்கள். இங்கே கூட்டம் மூச்சுக் காட்டாமல் வரிசையில் நின்றது. எனக்குத்தான் கத்த வேண்டும்போல் இருந்தது, ஆங்கிலம் வரவில்லை. பஸ், மறுபடி ரயில் என்று மாறி மாறி பலக்லாவா ஸ்டேஷனில் இறங்கும்போது ஒரு மணி நேரம் தாமதம்.

நவாஸ் வாசலிலேயே நின்றார். நாற்பது வயது இருக்கும், குட்டித் தாடி, சிரித்த முகம்.

"வாங்க அக்கா. ரயில் கரைச்சல் குடுத்திட்டுப் போல."

கடைத்தெருவில் நடந்தோம். கறுப்புத் தொப்பி, கறுப்புக் கோட்டு, தாடி என்று ஆண்கள்; தலையில் துணி கட்டிய பெண்கள்; தள்ளுவண்டியில் குழந்தைகள். ட்ராம் நிறுத்தத்தில் ஓர் ஆள் காகிதக் கோப்பையில் காபி வாங்கிக்கொண்டு நின்றார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். அந்த நேரம் பார்த்து ட்ராம் வந்து கதவு திறந்தது. "ஏறுகிறீர்களா?" என்று ஓட்டுநர் கேட்டார். அந்த மனிதர் பதில் சொல்லவில்லை. ஒரு விரலை உயர்த்திக் காட்டினார், கோப்பையை வாயில் வைத்து ஒரு மடக்கு உறிஞ்சினார், காபி கொதித்திருக்க வேண்டும், கண்ணில் நீர் வந்துவிட்டது. அதை விழுங்கிய பிறகுதான் "ஆமாம்" என்று ஏறினார்.

"இந்தாளுக்கு என்ன ஆச்சு?" என்றேன்.

"துதி சொல்லிட்டார் அக்கா. சொன்னா, வாயில படுற வரைக்கும் வேற ஒரு சொல்லும் பேசப்படாது. மறுகா ரிவ்காட்ட கேளுங்க, விளக்கமாச் சொல்லுவா."

மறுகா என்றால் பிறகு. கடைக்காரியின் பெயர்தான் ரிவ்கா. ஐம்பது வயது, தலையில் நீலத் துணி, கண்ணாடி சங்கிலியில் தொங்குகிறது. கடைக்குள் நுழைந்ததும் பின்னல் போட்டுச் சுட்ட ரொட்டி வாசனையும் ஊறுகாய் வெள்ளரி வாசனையும் கலந்து அடித்தது. அவள் பேசியதை நவாஸ் தமிழில் சொல்ல, நான் சொன்னதை ஆங்கிலத்தில் சொல்ல, அப்படித்தான் எங்கள் பேச்சு நடந்தது.

வெளிநாட்டுப் பண்டங்களுக்கென்று ஓர் அலமாரி. ஒவ்வொன்றின் முன்னாலும் கையால் எழுதிய சின்ன அட்டை. எழுத்து எனக்குப் புரியாத எழுத்து. விலை என்று நினைத்தேன்.

"வில இல்ல அக்கா. இதத் திங்க முன்ன என்ன துதி சொல்லணும் எண்டு எழுதியிருக்கி."

"சாமி கும்பிட்டுச் சாப்பிடுறது எல்லாரும் செய்றதுதானே? அதுக்கு எதுக்கு அட்டை?"

ரிவ்கா சிரித்தாள். ஒரே கும்பிடு போட்டு எல்லாவற்றையும் சாப்பிட முடியாது என்றாள். ரொட்டிக்கு ஒரு துதி, அதைச் சொல்லிவிட்டால் அந்தச் சாப்பாடு முழுக்க அதில் அடங்கும். ரொட்டி இல்லாமல் கேக், பிஸ்கட், சோறு என்று சாப்பிட்டால் தானியத் துதி. திராட்சை மதுவுக்குத் தனி. மரத்தில் காய்ப்பதற்கு மரத் துதி, மண்ணிலிருந்து வருகிற செடி கொடிக்கு மண் துதி. மீன், முட்டை, சர்க்கரை, தண்ணீர் இவற்றுக்கெல்லாம் பொதுத் துதி: எல்லாம் அவன் சொல்லால் உண்டானது என்கிற மாதிரி வரும். தண்ணீரிலும் தாகத்துக்குக் குடித்தால்தான் துதி. மாத்திரை விழுங்கக் குடித்தால் கிடையாது.

"காளான்?" என்றேன், மடக்குவதற்காக. மண்ணில்தானே முளைக்கிறது?

"பொதுத் துதி. மண்ணில் முளைத்தாலும் அது மண்ணிலிருந்து சாப்பிடுவதில்லை."

அடேயப்பா என்று இருந்தது. விடவில்லை நான். பக்கத்துக் கூடையில் வாழைப்பழம் இருந்தது. அதைக் காட்டினேன்.

"மண் துதி."

"அதெப்படி? வாழை மரம் என் உயரத்துக்கு ரெண்டு மடங்கு இருக்குமே!"

ரிவ்கா பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஒரு தரம் குலை தள்ளியதும் அந்தத் தண்டு செத்துப்போகிறது, அடுத்த குலை வேறு கன்றிலிருந்துதான் வருகிறது, அடிமரம் நின்று மறு வருஷமும் காய்த்தால்தான் அது மரம் என்றாள். வாழையை நட்டுப் பார்த்திருக்கிறாளா என்று கேட்கச் சொன்னேன். மரத்தை நேரில் பார்த்ததே இல்லையாம். அவள் பாட்டன் பூட்டன் எல்லாம் பனி கொட்டுகிற ஊர்க்காரர்களாம்.

எனக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. சொல்லப்போனால் அழுகை வந்தது. எங்கள் வீட்டுக் கொல்லையில் வாழை உண்டு. குலை வெட்டினால் மரத்தையும் வெட்டிப் போடுவோம். கல்யாணத்துக்குக் கட்டுகிறோம், இலையில் சாப்பிடுகிறோம், எல்லாம் செய்கிறோம். ஆனால் அந்தப் பழத்தை உரிப்பதற்கு முன்னால் இது எப்படி உண்டாயிற்று, இதைப் பெற்றது உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று ஒரு நாளாவது யோசித்திருப்பேனா? வாழையைக் கண்ணால் காணாத ஜனங்கள் உட்கார்ந்து யோசித்து, அதற்கு எந்த வார்த்தை சொல்வது என்று முடிவு பண்ணி வைத்திருக்கிறார்கள்.

பப்பாளி முன்னால் இரண்டு அட்டை இருந்தது. தண்டு உள்ளே பொந்து, முதல் வருஷமே காய்த்துவிடுகிறது, அதனால் மரமா செடியா என்று பெரியவர்களுக்குள் இன்னும் தகராறு தீரவில்லையாம். இரண்டு பக்கத்தையும் எழுதி வைத்திருக்கிறாள். உன் பெரியவர் சொன்னபடி நீ செய், என் பெரியவர் சொன்னபடி நான் செய்கிறேன்.

"தப்பாச் சொல்லிட்டா என்ன ஆகும்?"

ரிவ்கா சிரிப்பை நிறுத்தினாள். துதியில் கடவுளின் பெயர் வருகிறது, அந்தப் பெயரைச் சும்மா பேச்சில் உச்சரிக்கவே மாட்டோம், அதை வீணாகச் சொல்வது பெரிய குற்றம், அதனால்தான் இந்த அட்டை எல்லாம் என்றாள். சொல்லும்போது குரலே தணிந்துவிட்டது.

பிறகு என் பாக்கெட்டை எடுத்து அலமாரியில் ஒரு காலி இடத்தில் வைத்தாள். அதன் முன்னால் எழுதாத அட்டை ஒன்று.

"இதற்கு என்ன எழுதுவது? பருப்பு பருப்பாக இருந்தால் மண் துதி. அரைத்து உருத்தெரியாமல் போய்விட்டதால் பொதுத் துதி என்று எங்கள் ரப்பி சொல்கிறார். கோதுமை கலந்தால் எல்லாம் மாறும். இதில் உளுந்து மட்டும்தானே?"

ரப்பி என்றால் அவர்களுடைய குரு. நவாஸ் மொழிபெயர்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பெயரைப் பற்றி இவ்வளவு கேட்ட பிறகும் என் நாக்கு என்ன சொன்னது தெரியுமா?

"மட்டும்தான்."

"நாளைக்கு மறுநாள் வாருங்கள். பொரித்துப் பார்க்கலாம்" என்றாள் ரிவ்கா.

மூன்றாம் நாள் டண்டினொங்கில் நவாஸின் கிட்டங்கிக்குப் போனேன். மாசிக்கருவாடு, தேங்காய்ப்பால் மாவு, குரக்கன் மா என்கிற கேழ்வரகு மாவு என்று கூரைவரை அடுக்கியிருந்தது. சாமான் வாங்க வந்த ஓர் அங்கிள் தன் மகளிடம் தமிழில் கேட்க, மகள் ஆங்கிலத்தில் பதில் சொல்ல, இருவரும் சண்டை போட்டுக்கொண்டே ஒரு வண்டி நிறைய வாங்கினார்கள். மத்தியானம் நவாஸின் மனைவி கொடுத்தனுப்பிய சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, சம்பல். சம்பல் காரம் உச்சந்தலையில் ஏறியது. நவாஸ் பிஸ்மி சொல்லிவிட்டுத்தான் கையை வைத்தார். நேற்று வரை இதையெல்லாம் கவனித்திருக்க மாட்டேன். இன்றைக்கு அவர் உதடு அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரிவ்காவ உங்களுக்கு எப்பிடிப் பழக்கம்?"

"நான் இஞ்ச வந்த புதுசுல ஒரு கடையும் என்ட சாமான எடுக்கல்ல அக்கா. அவதான் முதல் எடுத்தா. பட்டியல்ல ஒண்டும் மறைக்கப்படாது எண்டு ஒரு சொல்லுத்தான் கேட்டா. பத்து வருஷமா ஒரு பிழையும் வரல்ல. உங்கட அப்பளத்துக்கும் நான்தான் வாக்குக் குடுத்தன்."

காரம் என்று சொல்லித் தண்ணீர் கேட்டேன். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. பதினோரு பெண்களின் முகமும் வரிசையாக வந்தது. வாசலில் வந்து நின்று "ஆஸ்திரேலியா ஆர்டரோட வாங்கக்கா" என்று கையசைத்து அனுப்பியவர்கள். அரை டம்ளர் தண்ணீரோடு அதையும் சேர்த்து விழுங்கினேன். பொதுத் துதி எல்லாவற்றுக்கும் பொதுதானே, தப்பாகப் போனாலும் சமாளித்துக்கொள்ளும் என்று எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

நான்காம் நாள் ரயில் ஒழுங்காக ஓடியது. அது ஓடாமல் இருந்திருக்கக் கூடாதா என்று வழியெல்லாம் நினைத்தேன்.

கடைக்குப் பின்னால் சின்னக் குசினி. குசினி என்பது நவாஸின் வார்த்தை, அடுப்படிதான். அடுப்பை நான் பற்றவைக்கப் போனேன். ரிவ்கா கையைக் காட்டித் தடுத்தாள். அவர்கள் ஆள்தான் பற்றவைக்க வேண்டுமாம். அவள் சட்டி, அவள் எண்ணெய், அவள் நெருப்பு. நான் பக்கத்தில் நின்று வாயால் மட்டும் சமைத்தேன். "எண்ணெய் காயட்டும், காயட்டும், இப்ப போடுங்க, அமுக்குங்க, திருப்புங்க." அப்பளம் பூத்து விரிந்ததும் ரிவ்கா வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கே பெருமையாக இருந்தது. அவ்வளவு அழகாகப் பொரிந்தது, பாவி அப்பளம்.

எழுதாத அட்டையும் பேனாவும் மேசையில் தயாராக இருந்தன. ரிவ்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பளத்தை வலது கையில் எடுத்துக்கொண்டாள். நவாஸ் பேச்சை நிறுத்தினார். அவள் கண்ணை மூடினாள்.

மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக ஆரம்பித்தாள். முதல் சொல். இரண்டாவது சொல். பிறகு குரல் தணிந்தது. அன்றைக்கு அந்தப் பெயரைப் பற்றிச் சொன்னபோது தணிந்த அதே தணிவு.

என் வார்த்தையை நம்பி ஒருத்தி தன் கடவுளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். வாழைத் தண்டு செத்ததா பிழைத்ததா என்றுகூட விசாரித்துவிட்டு வாயைத் திறக்கிற ஜாதி. அவள் வாயில் நான் பொய்யைப் போடுகிறேன்.

"வேணாம்! நோ ஈட்! மைதா இருக்கு! நோ!" என்று கத்திவிட்டேன்.

நவாஸ் துள்ளிவிழுந்தார். ரிவ்கா கண்ணைத் திறந்தாள். பேசவில்லை. அப்பளம் பிடித்த கை அந்தரத்தில் அப்படியே நின்றது. அவள் முகத்தில் கோபம் இல்லை, ஏதோ அவசரமாகத் தேடுகிறவள்போல இருந்தது. பிறகு உதடு அசைந்தது. இரண்டே இரண்டு சொல். அதற்குப் பிறகுதான் மூச்சை விட்டு, அப்பளத்தைத் தட்டில் வைத்தாள்.

நவாஸ் என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன அக்கா சொல்றீங்க? என்ன மைதா?"

சொன்னேன். மூட்டையைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளியது உட்பட ஒன்று விடாமல் சொன்னேன். அவர் அதை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அவர் குரல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்த ஊரில் நிறைய, உளுந்து என்று நம்பி வாங்கிப்போய்ப் படுக்கையில் விழுந்திருப்பார்கள் என்றாள் ரிவ்கா. அது எனக்கு அந்த நிமிஷம் வரை தோன்றவே இல்லை. தலையை நிமிர்த்த முடியவில்லை.

"கடைசியா என்னமோ ரெண்டு வார்த்தை சொன்னாங்களே, அது என்னன்னு கேளுங்க" என்றேன்.

பெயரைச் சொல்லியாகிவிட்டது, திரும்ப எடுக்க முடியாது. மறைத்தது தெரிந்த பிறகு சான்றை நம்பிச் சாப்பிடவும் முடியாது. சாப்பிடாமல் விட்டால் துதி வீணாகிவிடும். அப்படி நடுவில் மாட்டிக்கொண்டால், ஆரம்பித்த வாக்கியத்தை வேறு விதமாக முடிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்களாம். உன் நெறிகளை எனக்குக் கற்றுக்கொடு என்று முடித்துவிட வேண்டும். சாப்பாட்டுத் துதியாகப் புறப்பட்டது பாடம் கேட்கிற பிரார்த்தனையாகப் போய்ச் சேர்ந்துவிடும், வீணாகாது.

நான் கத்தி முடித்து அவள் மூச்சு விடுவதற்குள் இவ்வளவும் நடந்திருக்கிறது. இப்படி ஒரு நாள், இப்படி ஒரு ஏமாற்றுக்காரி நடுவில் கத்துவாள் என்று தெரிந்து எந்தக் காலத்திலோ யாரோ வழி பண்ணி வைத்திருக்கிறார்களே!

ரிவ்கா அதோடு என்னை வெளியே அனுப்பியிருக்கலாம். ரப்பியைக் கேட்க வேண்டும் என்று போனை எடுத்து மேசையில் வைத்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள். வயதான குரல். பின்னால் எங்கேயோ பாத்திரம் கழுவும் சத்தம். ரிவ்கா எல்லாவற்றையும் சொன்னாள். எவ்வளவு மைதா என்று கேட்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"ஏன் போட்டீர்கள்?" என்றார்.

நவாஸ் அவர் சொன்னதை விளக்கினார். பிசைந்த மாவு சேர்ந்து நிற்பதற்காக மட்டும் கோதுமை போட்டால், அது வெறும் துணை. உளுந்துக்கு உள்ள துதிதான். தின்பதற்கென்றே சேர்த்திருந்தால், கொஞ்சமாக இருந்தாலும் கோதுமைதான் முந்தும், தானியத் துதி ஆகிவிடும்.

"விளங்குதா அக்கா? மாவு கட்டுறதுக்கு எண்டா பெரிய பிரச்சின இல்ல. பாக்கெட்டத் திருத்தி அடிச்சா மறுபடி பேசலாம். யோசிச்சுச் சொல்லுங்க." அவர் கண் என்னைக் கெஞ்சியது.

யோசித்தேன். முழுப் பொய்யும் இல்லையே. மைதா போட்டால் மாவு வழுவழுவென்று வரும், எங்கள் பெண்களே சொல்வார்கள்.

"கட்டுறதுக்குத்தான். இல்லன்னா தேய்க்கிறப்ப விரிசல் விடும்" என்றேன்.

நவாஸ் முகம் மலர்ந்து சொன்னார். போனில் அந்தக் குரலும் நிம்மதியாக ஏதோ சொன்னது. சான்றை மாற்றி எழுதலாம், வழி இருக்கிறது என்று. ரிவ்காகூட நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். பதினோரு பெண்களும் ஆறு நாள் வேலைக்கு வருவது என் கண்ணுக்குத் தெரிந்தது.

"இன்னும் ஒரே ஒரு கேள்வி" என்றார் ரப்பி. "உங்கள் வீட்டுக்குச் செய்கிற அப்பளத்திலும் இதைப் போடுவீர்களா?"

நவாஸ் அதைச் சிரித்துக்கொண்டே கேட்டார். அவருக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

எங்கள் வீட்டு அப்பளம் தனி. மாதம் ஒரு தரம் என் வீட்டுக்காரர் தன் கையாலேயே பிசைவார். சுத்த உளுந்து. தனிச் சட்டி, தனித் துணி, மைதாத் தூசுகூடப் பட விடமாட்டார். நான் தேய்ப்பேன். இத்தனை வருஷத்தில் அந்த மாவு ஒரு நாளும் விரிசல் விட்டதில்லை. கடைக்குப் போகிறதை நாங்கள் வாயில் வைத்ததே இல்லை. இதை இத்தனை நாளாக நான் பொய் என்றுகூட நினைத்ததில்லை. வீட்டுக்கு வீட்டு மாவு, கடைக்குக் கடை மாவு என்று அதுபாட்டுக்கு நடந்தது.

"இல்ல" என்றேன்.

நவாஸ் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "அக்கா... இல்ல எண்டே சொல்லவா?"

"அப்படியே சொல்லுங்க தம்பி."

சொன்னார். பாத்திரம் கழுவும் சத்தம்கூட நின்றுபோயிருந்தது. அந்தக் குரல் எனக்கு நன்றி சொன்னது. இப்போது எதுவும் செய்வதற்கில்லை, மாற்றிய பிறகு எழுதச் சொல்லுங்கள், அந்தத் தடவை சொல்லாமல்தான் வருவோம் என்றது. அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

ரிவ்கா பொரித்த அப்பளத்தையும் காலி அட்டையையும் எடுத்து வைத்தாள். வாசல்வரை வந்தாள். என் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். நவாஸ் அதை மொழிபெயர்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வேனில் கொஞ்ச தூரம் போன பிறகு நவாஸ் சொன்னார். "பத்து வருஷம் அக்கா."

"மன்னிச்சிருங்க தம்பி. உங்க பேரையும் கெடுத்துட்டேன்."

"அவ என்னோட கோவிக்கல்ல. அதுதான் எனக்குத் தாங்க ஏலாம இருக்கி" என்றார். பிறகு ஸ்டேஷன் வாசலில் வேனை நிறுத்தினார்.

இறங்கியதும் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். பெண்கள் இன்னும் வேலைக்கு வந்திருக்க மாட்டார்கள். ஒரே மணியில் எடுத்தார்.

"என்னா கோமு, ஆர்டர் என்னாச்சு?"

"போச்சு."

"ஏன்? என்னா குறைய கண்டுபிடிச்சாய்ங்க?"

"யாரும் கண்டுபிடிக்கல. மைதாவப் பத்தி நாந்தான் சொன்னேன்."

போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அவர் கத்தவில்லை. தொப்தொப்பென்று மாவு இடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"காலங்காத்தால என்ன பண்றீங்க?" என்றேன்.

"நம்ம வீட்டு மாவப் பிசைஞ்சு இடிச்சுக்கிட்டிருக்கேன். நீ வர்றப்ப அப்பளம் இல்லன்னா சாப்பிட மாட்டியே."

"பொம்பளைங்க வந்ததும் அந்த மாவ அவங்க பலகையில வைங்க. இன்னைக்குக் கடைக்கு அதத்தான் தேய்க்கணும்."

"இதயா? அப்ப நம்ம வீட்டுக்கு?"

"அதுலருந்தே எடுத்துக்கலாம்" என்றேன்.